கடைப் பரிசு எதற்கு? கைப் பரிசு கொடுங்கள்!



ஏப்ரல், மே மாதம் வந்தாலே ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு படிப்பை முடிக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் பிளஸ் டூ முடிக்கிறார். மாடி வீட்டு அக்கா கல்லூரிப் படிப்பை முடிக்கிறார். குட்டித் தங்கை யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்கு வந்து, காலை நேரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக நின்றால், கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அவற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அண்ணன், அக்காக்களில் பலருக்கு வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். அந்தத் தம்பி, தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பை முடித்தவருக்கு என்ன பரிசு கொடுப்பது?

"கடைக்குப் போய் ஒரு பொக்கே வாங்கலாம், ஒரு கைக்கடிகாரம் வாங்கலாம், பெயர் போட்ட கப் வாங்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரியவர்கள் வாங்கட்டும், அது அவர்கள் இஷ்டம். ஆனால், எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள நீங்கள், அப்பாவிடம் பணம் வாங்கி, அதே பணத்தில் பரிசு வாங்கிக் கொடுத்தால், அது யார் கொடுத்த பரிசு? அப்பா கொடுத்த பரிசுதானே! நீங்கள் கொடுத்ததாக ஆக வேண்டுமானால், அதில் உங்களுடையது ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் பணம் இல்லை. ஆனால் இரண்டு கைகள் இருக்கின்றன. விடுமுறை நாட்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு செய்யுங்கள் என்பதே என் கருத்து.

தொடக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, இதைச் சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வீட்டின் முதல் பட்டதாரி

தமிழ்நாட்டில் 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு குடும்பத்தில் இதற்கு முன் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வட்டாட்சியர் அலுவலகம் மூலம் இந்தச் சான்றிதழ் கிடைக்கும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் அப்படிப்பட்ட மாணவர்களுக்கு, 2010-11 கல்வியாண்டிலிருந்து கல்விக் கட்டணச் சலுகை தரப்படுகிறது.

இதற்கு என்ன பொருள்? உங்கள் அக்கா முதல் பட்டதாரி என்றால், உங்கள் அம்மாவோ, அப்பாவோ, தாத்தாவோ, ஆயாவோ அந்த இடத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. அக்கா பட்டம் வாங்கும்போது தான் மட்டும் வாங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சோறு கட்டிக் கொடுத்த அம்மா, கூடுதல் நேரம் வேலை பார்த்த அப்பா, அக்கா படிக்கிறாள் என்று டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்த நீங்கள் என்று எல்லோரும் சேர்ந்து வாங்கிய பட்டம் அது. அப்படியிருக்க, அதைக் கொண்டாடும் பரிசையும் எல்லோரும் சேர்ந்து செய்தால்தானே பொருத்தம்?

இன்னொன்றும் சொல்கிறேன். அக்கா முதல் பட்டதாரி என்றால், இரண்டாவது பட்டதாரி யார்? நீங்கள்தான்! அக்காவுக்காக ஒரு பரிசைச் செய்யும்போது, "அடுத்தது நான்" என்ற எண்ணம் உங்கள் மனத்தில் தானாக விழும். விதை மாதிரி!

மதிப்பெண் வருவதற்கு முன்பே கொடுங்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கவனமாகப் படியுங்கள்.

பரிசை எப்போது கொடுக்க வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் 'ரிசல்ட்' வந்த நாளில் கொடுக்கிறார்கள். பிளஸ் டூவில் 600-க்கு 570 எடுத்த அண்ணனுக்குக் கேக், மாலை, புதுச்சட்டை எல்லாம் கிடைக்கும். 340 எடுத்த அண்ணனுக்கு? ஒன்றும் இல்லை. சில வீடுகளில் அன்று சாப்பாடுகூட யாருக்கும் இறங்காது. தேர்ச்சி பெறாத பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

340 எடுத்தவரும் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போனவர்தானே? மழையில் நனைந்தும், பேருந்தில் தொங்கியும், காய்ச்சலோடு தேர்வு எழுதியும் வந்தவர்தானே? மதிப்பெண் பார்த்துக் கொடுக்கும் பரிசு, மதிப்பெண்ணுக்குத்தான் போய்ச் சேரும். அந்த மனிதருக்குப் போய்ச் சேராது.

அதனால், கடைசித் தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்கு வரும் நாளிலேயே உங்கள் பரிசைக் கொடுத்துவிடுங்கள். "நீ எத்தனை மார்க் வாங்கினாலும் நீ என் அண்ணன்" என்று வாயால் சொல்ல வெட்கமாக இருக்கும். உங்கள் கைப் பரிசு அதைச் சொல்லிவிடும். ஒருவேளை முடிவு சரியில்லாமல் போனாலும், மேசை மேல் அந்தப் பரிசு இருக்கும். தேர்ச்சி பெறாதவர்களுக்கு ஓரிரு மாதங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதற்குப் படிக்க உட்காரும்போது அந்தப் பரிசைப் பார்ப்பார். அது கொடுக்கும் தெம்பை எந்த டியூஷனும் கொடுக்காது!

ஓலையைத் தேடிய பட்டதாரி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, 1832-இல் சிறுப்பிட்டி என்ற ஊரில் பிறந்தவர்.

பட்டம் வாங்கிய தாமோதரம்பிள்ளை பெரிய பதவிகளுக்குப் போனார். அத்தோடு நின்றாரா? இல்லை. யார் யார் வீட்டிலோ செல்லரித்துக் கிடந்த பனை ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்; படித்தார்; ஒப்பிட்டுப் பார்த்தார்; புத்தகமாக அச்சிட்டார். சங்க நூலான கலித்தொகையை 1887-இல் அவர்தான் முதன்முதலில் பதிப்பித்தார். எவரோ பல நூறு ஆண்டுகளுக்கு முன் எழுத்தாணி பிடித்துக் கையால் எழுதி வைத்த ஓலைகளால்தான் அந்தப் பாட்டுகள் நமக்குக் கிடைத்தன. கையால் செய்த பொருளுக்கு எவ்வளவு ஆயுள் பாருங்கள்!

இன்று படிப்பு முடித்தவருக்கு நூறு வாழ்த்துகள் செல்போனில் வருகின்றன. போன் மாறினால் வாழ்த்தும் போய்விடும். யு.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் மாட்டிப் 'பட்டமளிப்பு விழா' நடத்துகிறார்கள். அந்த அங்கி ஐரோப்பாவின் குளிருக்காகப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டது. நம் ஊர் வெயிலில் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும்! 2010-இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அந்த அங்கியைக் கழற்றிவிட்டார். அங்கி வாடகைக்கு வரும். மாலையில் திரும்பிப் போய்விடும். நீங்கள் செய்து கொடுப்பது வீட்டிலேயே தங்கும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய் தீவுகளில் ஒரு பழக்கம் உண்டு. படிப்பு முடித்தவரின் கழுத்தில் உறவினர்களும் நண்பர்களும் 'லே' என்ற மாலையைப் போடுவார்கள். பூவில் கட்டுவார்கள், இலையில் பின்னுவார்கள், மிட்டாய்களைக் கோத்தும் செய்வார்கள். முகமே தெரியாத அளவுக்கு மாலைகள் குவிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து அவர்களே கட்டும் மாலைகளும் அவற்றில் நிறைய. மல்லிகையை நாரில் கட்டத் தெரிந்த நமக்கு இது புதிதா என்ன? 

என்ன செய்யலாம்?

நான்கு பொருள்களைச் சொல்கிறேன். எல்லாம் வீட்டிலேயே கிடைப்பவை.

1. வீட்டார் எழுதிய புத்தகம்

ஆண்டு முடிவில் உங்கள் நோட்டுகளில் எழுதாத தாள்கள் மிச்சம் இருக்கும். அவற்றிலிருந்து பத்துத் தாள்களைப் பத்திரமாகப் பிரித்தெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடியுங்கள். பழைய மாதக் காலண்டரின் வழுவழுப்பான தாளை மேலட்டையாக வையுங்கள். மடிப்பில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளைகளைக் கோணி ஊசியால் பெரியவர்களைப் போடச் சொல்லுங்கள். இனி தையல். நூலை நடுத்துளை வழியாக வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். மேல்துளை வழியாக வெளியே எடுங்கள். முதுகுப் பக்கமாகக் கீழே கொண்டுவந்து கீழ்த்துளையில் உள்ளே விடுங்கள். மறுபடி நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். இரண்டு நுனிகளும் முதுகில் ஓடும் நீள நூலின் இருபுறமும் இருக்க வேண்டும். அதைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டால் புத்தகம் தயார்!

பத்துத் தாளை மடித்தால் நாற்பது பக்கம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள். அண்ணனைப் பற்றி, அக்காவைப் பற்றி ஒரு நினைவை எழுதச் சொல்லுங்கள். மாமா, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லோரிடமும் போங்கள்.

எழுதத் தெரியாத ஆயா என்ன செய்வார்? அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். 'நல்ல தமிழ்' ஆக்குகிறேன் என்று மாற்றாதீர்கள். கடைசியில் ஆயாவின் கையை அந்தப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒருவர், பட்டம் வாங்கிய பேத்திக்குச் சொன்ன வார்த்தைகள் அந்தப் பக்கத்தில் இருக்கும். இதற்கு எந்தக் கடையில் விலை போட முடியும்? சொல்லுங்கள்!

2. ஓலைப் புத்தகக்குறி

பனை நம் மாநில மரம். வெயில் காலத்தில் நுங்கு விற்பவரிடம் கேட்டால் ஓர் ஓலை தருவார். ஓலை விளிம்பு கையை அறுக்கும். மட்டையின் கருக்கும் கிழித்துவிடும். ஆகையால் வெட்டும் வேலை பெரியவர்களுடையது. ஈர்க்கை நீக்கிவிட்டு, இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் நறுக்கித் தரச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, நான்கைந்து நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு அழியாத மை பேனாவால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ஒரு முனையில் துளையிட்டு வண்ண நூல் கட்டுங்கள். அந்தக் காலத்தில் ஓலையில் கீறிய எழுத்து தெரிவதற்காக விளக்குக் கரியைத் தடவுவார்கள். நமக்குப் பேனா இருக்கிறது!

3. சான்றிதழ் உறை

படிப்பு முடித்தவர் கையில் எப்போதும் இருக்கப்போவது எது? சான்றிதழ்! நேர்முகத் தேர்வு, மேற்படிப்பு என்று எங்கு போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அம்மாவின் பழைய நூல் புடவையிலோ, உங்களுக்குச் சின்னதாகிப்போன பள்ளிச் சீருடையிலோ ஓர் உறை தைக்கலாம்.

30 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் உள்ள துணி போதும். 36 செ.மீ. அளவுக்கு மேல்நோக்கி மடியுங்கள். இரு ஓரங்களையும் தையுங்கள். மிச்சமுள்ள 18 செ.மீ. துணி, மூடியாக முன்னால் மடிந்து விழும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு இதற்குள் வைத்துக்கொள்ளலாம். கோப்பு பெரிதாக இருந்தால் முதலில் அதை அளந்துவிட்டுத் துணியை வெட்டுங்கள். ஊசியில் தைக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. நம் தாத்தாக்கள் துணிப்பையில்தான் சான்றிதழ் எடுத்துப்போய் வேலை வாங்கினார்கள்!

4. கொட்டாங்குச்சிச் செடி

தேங்காய்க் கொட்டாங்குச்சியின் கண்ணில் ஒரு துளை போட்டு, மண் நிரப்பி, ஒரு கற்பூரவல்லிக் குச்சியை ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். ஆகவே தேர்வு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். யாருக்கும் சொல்லாமல் மாடியில் மறைத்து வளர்த்தால் இன்னும் சுவாரஸ்யம்!

குட்டிகளை விரட்டாதீர்கள்

நீங்கள் செய்ய உட்கார்ந்ததும் நான்கு வயதுத் தம்பி ஓடி வருவான். "நீ போடா, கெடுத்துடுவே" என்று விரட்டுவீர்கள். வேண்டாம்! அவனுக்கும் வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தாளை எண்ணிக் கொடுப்பது, பசை தடவுவது, உள்ளங்கையில் வண்ணம் பூசி அச்சுப் பதிப்பது எல்லாம் அவன் வேலை. வெட்டுவது, தைப்பது உங்கள் வேலை. ஊசி, கத்தி விஷயத்தில் பெரியவர்கள் துணை.

ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவன் செய்ததை நீங்கள் திருத்தக் கூடாது. பூ கோணலாக இருந்தால் இருக்கட்டும். இதே விதியைப் பெற்றோருக்கும் சொல்கிறேன். பள்ளியில் 'கிராஃப்ட்' வேலை கொடுத்தால், மறுநாள் வகுப்பில் அம்மாக்கள் செய்த பொருள்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். பார்த்தவுடனே எங்களுக்குத் தெரிந்துவிடும்! பிள்ளை செய்த கோணல் பூவில் பிள்ளை இருக்கிறது. அம்மா திருத்திய நேரான பூவில் பிள்ளை இல்லை.

"ஆனால் டீச்சர்..." என்கிறீர்களா?

"கையால் செய்து கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களே?" என்று கேட்பீர்கள். அரை மணி நேரத்தில் அவசரமாக ஒட்டிக் கொடுத்தால் அப்படித்தான் நினைப்பார்கள். ஆயாவின் பேச்சை எழுதிய புத்தகத்தைப் பார்த்து யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். செலவு குறைவது தவறில்லை. உழைப்பு குறைவதுதான் தவறு.

"அக்கா சிரிப்பாளே?" சிரிக்கட்டும்! முதலில் சிரிப்பாள். பிறகு பக்கத்தைப் புரட்டுவாள்.

"செய்வதற்குச் சாமான் வாங்கவே இருநூறு ரூபாய் ஆகிறதே?" இது நியாயமான கேள்வி. சார்ட், ஜிகினா, தெர்மாகோல், மினுங்கும் ஸ்டிக்கர் என்று வாங்கிக் குவித்துச் செய்வது கைப் பரிசு அல்ல. அது கடைச் சரக்கைக் கையால் ஒட்டுவது. நூல், பசை தவிர வேறு எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். அப்போதுதான் மூளை வேலை செய்யும்.

பள்ளியிலும் செய்யலாம்

ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளிகளும், எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளிகளும் நிறைய உண்டு. கடைசி வகுப்பு மாணவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்து போவார்கள். அவர்களுக்குக் கீழ் வகுப்பில் இருக்கும் நீங்கள், ஓர் ஓலைக்குறியோ, ஒரு தாள் பூவோ செய்து கொடுக்கலாம்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. "யாருக்குப் பிடிக்கிறதோ அவருக்குக் கொடுங்கள்" என்று விட்டால், நன்றாகப் பாடுகிற, ஓடுகிற, பேசுகிற அண்ணனுக்குப் பத்துப் பரிசு குவியும். கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு ஒன்றுகூட வராது. பள்ளியின் கடைசி நாளன்று வெறுங்கையோடு போவது எவ்வளவு பெரிய வலி தெரியுமா? அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒருவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த பெயர் உங்களுக்குத் தெரியாத அக்காவாக இருந்தால், விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். "தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு நன்றி அக்கா", "கேட் அருகில் என்னைச் சாலை கடக்க வைத்ததற்கு நன்றி அண்ணா" என்று உண்மையான ஒரு வரி எழுதுங்கள். 'வாழ்க வளமுடன்' என்று எல்லாருக்கும் ஒரே வரியை எழுதாதீர்கள்.

செல்வங்களே, படிப்பை முடித்தவர்கள் சீக்கிரமே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் விடுதிக்குப் போவார். ஒருவர் வேலைக்காக வெளியூர் போவார். அவர்கள் பெட்டியில் துணிமணிக்கு நடுவே நீங்கள் தைத்த உறையும், நீங்கள் எழுதிய புத்தகமும் போகட்டும். இந்த வாரமே வீட்டில் யார் எந்தப் படிப்பை முடிக்கப் போகிறார் என்று பாருங்கள். கடைசித் தேர்வு என்றைக்கு என்று காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த நாளுக்குள் பரிசு தயாராகிவிட வேண்டும்.

நோட்டில் மிச்சத் தாள் எத்தனை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டீர்களா? சபாஷ்!